மூன்று விரல்

வண்டிக்குள் ஞானசிங் மூன்று விரல்களால் நாயின் வாயைச் சேர்த்துப் பிடித்திருந்தார். வெளியே செருப்புச் சத்தம் வண்டியைச் சுற்றி வந்து முன்சக்கரத்தின் அருகே நின்றது. யாரோ டயரை உதைத்தார்கள். முதலாளி அரபியில் ஏதோ கேட்டார். ஞானசிங் உள்ளே தூங்குகிறான் என்று ஃபோர்மேன் பன்னீர்செல்வம் இந்தியில் சொன்னார். நாயின் நெஞ்சு ஞானசிங்கின் முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தது. செருப்புச் சத்தம் விலகிப் போய், கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டது. அதன் பிறகே விரல்களை எடுத்தார். மத்தி டின்னில் தொட்ட குபூஸ் ரொட்டித் துண்டை அதன் வாயில் வைத்தார்.

"மிடுக்கி," என்று மெச்சினார்.

அது 2009 மார்ச் மாதம். ஞானசிங் நாயோடு வண்டியில் வாழத் தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது.

குளச்சலுக்கு அடுத்த கடற்கரைக்காரர். வயது நாற்பத்தாறு. வீட்டில் மற்ற ஆண்கள் கடலுக்குப் போனார்கள். இவருக்கு வள்ளத்தில் ஏறினால் வாந்தி நிற்காது. அதனால் டீசல் இன்ஜின் வேலை கற்றுக்கொண்டு துபாய் வந்தார். பதினேழு வருஷமாக அல் கூஸில் ஒரே ஒர்க்‌ஷாப். பதினேழு வருஷமாகத் தொழிலாளர் கேம்ப் ரூமில் இரட்டைக் கட்டிலின் மேல்தட்டு. ரூமில் எட்டுப் பேர். விளக்கை எப்போது அணைப்பது என்பதை ஒருநாளும் அவர் தீர்மானித்ததில்லை.

ஜனவரியில் ஒரு ஜெர்மன்காரர் கியர்பாக்ஸ் வேலைக்கு அந்த வண்டியைக் கொண்டுவந்தார். உள்ளே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து வீடாகக் கட்டிய வண்டி. சாவியையும் நாயின் சங்கிலியையும் ஞானசிங்கின் கையில் கொடுத்து, இரண்டு நாள் என்றார். பிறகு அவருடைய போன் எடுக்கப்படவில்லை. வேலை போய், கடனை விட்டுவிட்டு விமானம் ஏறியவர்கள் அந்த வருஷம் நிறையப் பேர். போலீஸ் காகிதம் முடியும்வரை வண்டி யார்டின் மூலையில் நிற்கட்டும், ஞானசிங் அதிலேயே படுத்துக் காவல் பார்க்கட்டும் என்றார் முதலாளி. நாயை முனிசிபாலிட்டியில் கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்துவிட்டதாகப் பன்னீர்செல்வம் சொன்னார்.

"பொய் சொல்லிட்டேன்," என்றார் ஞானசிங்கிடம். "இனி அது ஒரு தடவை கொரைச்சாலும் நம்ம ரெண்டு பேருக்கும் விசா கேன்சல்தான். அப்புறம் நீ ஊர்ல போய் அதோட கட்டுமரத்துல குடித்தனம் பண்ணு."

ஜூலையில் இருவருக்கும் விசா புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே பதினொரு பேரை அனுப்பியிருந்தார்கள். ஞானசிங்கின் மகள் ரினி மார்த்தாண்டத்தில் நர்சிங் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் நாய்க்குச் சத்தம் போடாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தார். குரைக்க வாயெடுத்தால் மூன்று விரல். அடங்கினால் மத்தி. வெளியே காலடி கேட்டால் இருக்கைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். ஈஸ்டருக்குள் வாயைப் பிடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. விரல்களைக் காட்டினால் போதும். பிறகு காட்டவும் வேண்டியிருக்கவில்லை. மாலையில் அவர் கதவைத் திறந்ததும் அது ஓடிவந்து முன்னங்கால்களைத் தூக்கி, வாயைத் திறந்து திறந்து மூடும். ஒலி வராது.

கண்ணாடிகளில் உள்பக்கமாக அட்டையும் அலுமினியத் தாளும் ஒட்டினார். இரவில் அவருக்குத் தோன்றும்போது விளக்கை அணைத்தார். லீவு ஏப்ரலில் வந்தது. எடுக்கவில்லை. ஆள் குறைப்பு நேரம், இப்போது கேட்டால் திரும்ப வர முடியாது என்று வீட்டில் சொன்னார்.

மனைவி சுகிர்தராணி நம்பவில்லை.

"வெள்ளிக்கிழம போன் எடுத்தா நாய்க்க கதயத்தான் சொல்லுதிய. எனக்கு மேலு சொகமில்லியே, ஒரு வார்த்த கேட்டியளா?"

"கேக்கணும்ணுதான் இருந்தேன்."

"அதுக்கு ஏசி உண்டும். இஞ்ச கரண்டே இல்ல."

ரினி போனை வாங்கினாள். "அதுக்கு என்ன பேருப்பா?"

"வெள்ளக்காரன் வச்ச பேரு வாயில வரமாட்டேங்கி. நான் மக்ளேண்ணு விளிப்பேன்."

"அப்போ நான் யாரு?"

அவர் சிரித்தார். அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. போன் கார்டு தீர்ந்துவிட்டது.

யார்டுக்குப் பின்னால் சதக்கத்துல்லா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கீழக்கரைக்காரர், ஞானசிங்கைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்பார் ஞானசிங். நாய் இருப்பது பன்னீர்செல்வத்துக்கு அடுத்தபடியாக அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தொட்டால் தொழுகைக்கு முன் மண்போட்டுக் கழுவ வேண்டும் என்று அதை அவர் தொடமாட்டார். எலும்பைப் பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்பார்.

"எங்க வீட்ல பூனைதான் தம்பி. அது ஒண்ணும் கேக்காது. இது நம்ம மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கு, வட்டிக்காரன் மாதிரி."

கோடையில் மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடையாது. முந்திய வருஷம் அந்த நேரத்தில் வெல்டிங் ஒயர் சூடாகி ஷெட்டின் ஒரு பக்கம் எரிந்திருந்தது. அதிலிருந்து மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டுத்தான் எல்லோரும் கேம்புக்குச் சாப்பிடப் போவார்கள். வண்டியின் ஏசிக்கும் அந்த மெயினிலிருந்துதான் ஒயர் வந்தது. ஆகவே யார்டு காலியானதும் ஞானசிங் நாயைக் கடையின் பின்னறைக்கு நடத்திக்கொண்டு போவார். தண்ணீர்க் கேன்கள் அடுக்கிய அறை. ஆளும் நாயும் இரண்டும் அங்கே சிமென்ட் தரையில் படுத்திருக்கும் என்பார் சதக்கத்துல்லா.

ஜூலை பதினான்காம் தேதி காலை ஆறு மணிக்கு விசா மெடிக்கலுக்கு ஒன்பது பேரைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஞானசிங் ஏசியை ஓடவிட்டு, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, வண்டியைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பத்தரைக்கெல்லாம் திரும்பிவிட்டிருந்தார்கள்.

இந்தத் தடவை கூட்டம். ரத்தம் எடுக்கவே பதினொன்றாகிவிட்டது. எக்ஸ்ரே வரிசை வாசல்வரை நின்றது. ஒன்றேகாலுக்குச் சதக்கத்துல்லாவைப் போனில் கூப்பிட்டார்.

"காக்கா, மெயின ஆஃப் பண்ணிட்டாவளா?"

"அப்பவே பண்ணிட்டாங்களே. நீ எங்க இருக்க?"

"லைன்ல நிக்கேன். எனக்க மக என்ன செய்யுதுண்ணு ஒண்ணு பாருங்க."

"வைக்காத. போறேன்."

மூச்சு வாங்குவதும் மணலில் செருப்பு இழுபடுவதும் போனில் கேட்டன. தகரத்தைத் தட்டும் ஒலி இரண்டு தடவை.

"காத வச்சுக் கேட்டேன் தம்பி. ஒரு சத்தமும் இல்ல. தூங்குது போல."

"சத்தம் இல்லியா?"

"இல்லப்பா. கஷ்டமா இருந்தா கத்தாதா? வேணும்னா சொல்லு, கண்ணாடிய ஒடச்சிடுறேன்."

ஞானசிங் வரிசையில் பக்கத்தில் நின்ற பன்னீர்செல்வத்தைப் பார்த்தார். பன்னீர்செல்வம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். உடைந்த கண்ணாடியை முதலாளிக்கு விளக்க வேண்டியிருக்கும். வரிசையை விட்டுப் போனால் இன்று மெடிக்கல் இல்லை. ஞானசிங்கின் விசாவில் நான்கு நாள்தான் பாக்கி.

"வேண்டாம் காக்கா. முன்னால பத்துப் பேருதான். வந்திருவேன்."

சத்தம் இல்லை என்றது அவருக்கு ஆறுதலாக இருந்தது. எக்ஸ்ரே முடிந்து சட்டைப் பொத்தானைப் போடும்போதுதான் அந்த ஆறுதல் போயிற்று. நாய் சத்தம் போட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. மூன்றாவது பொத்தானைப் போடாமல் ரோட்டுக்கு ஓடி டாக்சியை நிறுத்தினார்.

பூட்டு கையைச் சுட்டது. உள்ளே அடுப்பைத் திறந்ததுபோல் வெப்பம் முகத்தில் அடித்தது. கிண்ணத்தில் தண்ணீர் இல்லை. படுக்கையில் நாய் இல்லை. மண்டியிட்டு இருக்கைக்கு அடியில் பார்த்தார். காலடி கேட்டால் போய்ப் படுக்கச் சொல்லிக்கொடுத்த இடத்தில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

"மக்ளே," என்றார். இரண்டாவது தடவையும் சொன்னார்.

சதக்கத்துல்லா வாசலில் வந்து நின்றார். "நான் இங்கதான் நின்னேன். இந்தக் காதத்தான் வச்சேன். ஒரு தடவ முனகியிருந்தாக்கூட..."

"அது முனகாது காக்கா."

மாலை வெயில் இறங்கியதும் யார்டின் பின்பக்கம், பழைய டயர்கள் குவித்திருந்த இடத்தில் குழி வெட்டினார்கள். பன்னீர்செல்வம் கடப்பாரை பிடித்தார். ஒருவரால் தூக்க முடியாத கனம். ஞானசிங் தலைப்பக்கம் பிடித்தார். சதக்கத்துல்லா முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டு வந்து பின்னங்கால்களைப் பிடித்தார். முடிந்த பிறகு குழாயடியில் மண்ணெடுத்துத் தேய்த்துத் தேய்த்துக் கைகளைக் கழுவினார்.

மறுநாள் புதன்கிழமை. ஞானசிங் ஆறு மணிக்கு டியூட்டிக்கு வந்தார். ஒரு பிக்கப்பின் பிரேக்கும் ஒரு லாரியின் ரேடியேட்டரும் முடித்தார். பதினொரு மணிக்கு மெடிக்கல் பாஸ் என்று ஆபீசிலிருந்து சொன்னார்கள். விசா ஸ்டாம்ப் அடிக்க ஒன்பது பாஸ்போர்ட்டும் போயின. பன்னிரண்டரைக்கு மெயினை அணைத்தார்கள். அவர் மற்றவர்களோடு பஸ்ஸில் கேம்புக்குப் போய்ச் சாப்பிட்டார். மூன்று மணிக்குத் திரும்பி, வண்டிக்குப் போன ஒயரைக் கழற்றிச் சுருட்டி ஸ்டோரில் வைத்தார். கண்ணாடிகளிலிருந்து அட்டைகளைப் பிய்த்தார். காவலுக்கு வேறு ஆள் பார்க்கும்படி பன்னீர்செல்வத்திடம் சொன்னார். ரூமில் மேல்தட்டு காலியாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு யாரோ விளக்கை அணைத்தார்கள்.