மடியில் இருந்த தலையணை

பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பற்றவைத்தால் முதலில் ஸ்பிரிட் வாசனை வரும். அப்புறம் மண்ணெண்ணெய். கடைசியில் சூடேறிய தகரத்தின் நெடி. அந்தத் தகர நெடி எனக்கு ஆகாது. தலைவலி வரும் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு சாயங்காலம், சிம்மக்கல்லில் வாடகைக்கு எடுத்த பெட்ரோமாக்ஸைக் கூடத்தில் வைத்து என் மகள் பம்ப் அடித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் அவளுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே ஒரு கஷாயம். காலேஜ் பெண்கள் சிலர் விடுமுறையில் பரவைப் பக்கம் கிராம ஊழியத்துக்குப் போகிறார்கள், இவளும் போகிறாள். குளிர்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை, காய்ச்சிய தண்ணீருக்குக் கூஜா, குடை, கம்பளி என்று நான் எடுத்துவைப்பதைப் பார்த்து, "ஊழியத்துக்குப் போறாளா, பர்மா சண்டைக்குப் போறாளா?" என்று அவள் அப்பா கேட்டார். ஒரே பெண்ணைப் பெற்றவளின் வயிறு அவருக்கு என்ன தெரியும்?

"அம்மா, இங்க வாங்களேன். இதப் பாருங்க."

அவள் கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. சுற்றிலும் ஓரத்தில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். மாஜிக் லாந்தர் என்று ஒன்று இருந்ததே, வெள்ளைத் துணியில் படம் காட்டும் விளக்குப் பெட்டி, அதற்குள் செருகும் படம். காலேஜில் பழைய அலமாரியைத் துடைக்கும்போது கிடைத்ததாம். தலைவிரிகோலமாக ஒரு பெண். நெற்றி நிறையச் சாம்பல். கன்னத்தில் கண்ணீர். மடியில் சிவப்புக் கட்டம் போட்ட துணியில் சுற்றிய குழந்தை.

"யாருன்னு டீச்சருக்கே தெரியலம்மா. போற எடத்துல கர்த்தர் நமக்குச் செஞ்சதப் பத்தி ஆளுக்கொரு சாட்சி சொல்லணுங்கிறாங்க. எனக்கு என்ன நடந்திருக்கு, சொல்றதுக்கு? ஒரு டைபாய்டு வந்திருக்கா? நீங்க வர விட்டாத்தான! அதான், இந்தப் படத்த வச்சு ஏதாவது கட்டிரலாம்னு பாக்குறேன். அம்மாச்சி பைபிள் உமனா இருந்தாங்கள்ல? சனங்க அழுகுற மாதிரி ஒரு கத சொல்லுங்களேன்."

நான் அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். அந்த மடியில் கிடப்பது குழந்தை அல்ல. சின்ன வயதில் நான் தலைவைத்துத் தூங்கிய தலையணை.

முதல் யுத்தம் முடிந்து சாமான்களெல்லாம் யானை விலை விற்ற நாட்கள் அவை. வைகைக்கு வடகரையில், மிஷன் ஆட்கள் குடியிருந்த வளவில் எங்களுக்கு ஒரு வீடு. அப்பா என் நினைவு தெரியுமுன்பே போய்விட்டார். அம்மா பைபிள் உமன். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டும் வேலை. தெருக்களில் வேதக்காரம்மா என்பார்கள். உண்மையைச் சொன்னால் அம்மாவுக்குப் பிரசங்கமே வராது. பாட்டும் வராது, அந்தக் குரல்தான் எனக்கும் வந்து, பாடகர் குழுவில் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். வாரம் ஒரு நாள் பரவை தாண்டிக் கண்மாய்க்கரையை ஒட்டி இருந்த ஒரு தெருவுக்குப் போவாள். கேட்டால் வாசிப்பாள். கேட்காவிட்டால் அவர்களோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொடுத்துவிட்டு வருவாள். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் கீரைக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

அந்தத் தெருவில்தான் பேச்சி இருந்தாள். அவள் புருஷன் மாயாண்டி, வயல்வேலை செய்கிறவன். பேசப் பழகிக்கொண்டிருந்த ஒரு பையன். ஒரு வருஷம் பேதி வந்தது. காலராவைத்தான் அப்படிச் சொல்வோம். பேச்சியின் பிள்ளைக்குக் கண்டதும் சொந்தக்காரர்கள் தெருமுனையிலேயே நின்றுகொண்டார்கள். அம்மா உள்ளே போனாள். பிள்ளை அடங்கும்வரை கூடவே இருந்தாள். வெந்நீர் வைத்தாள், துணி அலசினாள். ஜெபம் செய்தாளா என்று பிற்பாடு நான் கேட்டதற்கு, "எங்கிட்டு நேரம்?" என்றாள்.

கல்யாணத்துக்கு எடுத்த சிவப்புக் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலையைப் பாதியாகக் கிழித்து, அதில் பிள்ளையைச் சுற்றிக் கொண்டுபோய்க் கண்மாய்க்கரையில் புதைத்தான் மாயாண்டி. மற்றப் பாதியைப் பேச்சி அவனுக்குத் தெரியாமல் கூரை எரவாணத்தில் செருகி வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பேச்சி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எஞ் சொந்தச் சனமே வரல. ஒங்கள எதும்மா உள்ள வர வச்சுச்சு?"

"எனக்கும் பயந்தான் பேச்சி. வந்தேன். அம்புட்டுதான்."

"அந்த அம்புட்ட எனக்கும் சொல்லிக்குடுங்க."

அம்மா தன் வாழ்நாளில் செய்த ஒரே பிரசங்கம் அதுதான் என்று நினைக்கிறேன். பேச்சிக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. கிருபை என்று பெயர் வைத்தார்கள். ஆலயத்துக்கு வெளியே போதகரைத் தவிர யாரும் அந்தப் பெயரில் அவளைக் கூப்பிட்டதில்லை. மாயாண்டி சண்டை போடுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் சிரித்தான். "போய்ட்டு வா புள்ள. அப்படியே ஒஞ் சாமிகிட்ட நம்ம பயலப் பத்தி ஒரு வார்த்த விசாரிச்சுட்டு வா."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே அவளைக் கூட்டிக்கொண்டு வருவான். வாய்க்காலில் தண்ணீர் அதிகம் என்றால் அவளைத் தூக்கித்தான் கடப்பான். வெள்ளைச் சேலை நனையாமல் அவள் வந்து சேரும்போது அவன் இடுப்புவரை ஈரமாக இருப்பான். ஆராதனை முடியும்வரை எதிரே வேப்பமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வெளியே வரும் அம்மாவிடம் ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வி.

"என்ன சொல்லுச்சு ஒங்க சாமி, எம் பயலப் பத்தி?"

"நல்லா இருக்கானாம் மாயாண்டி."

"சரிம்மா."

அவ்வளவுதான் பேச்சு. மழைக்காலம் வந்தபோது மரத்தடியிலிருந்து ஆலயத்தின் கீழ்ப்படிக்கு வந்தான். மழை விட்ட பிறகும் படியிலேயே இருந்தான். பீடியைப் பற்றவைக்காமல் காதில் செருகியிருப்பான்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் புதிதாக ஒரு போதகர் வந்தார். கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். கெட்டவர் இல்லை. வளவுப் பிள்ளைகளுக்கெல்லாம் மாம்பழம் வாங்கிக் கொடுப்பார். சைக்கிளில் முன்னால் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவருவார். ஆனால் பொறுமை கிடையாது. அவரோடு ஒரு மாஜிக் லாந்தரும் வந்தது.

"வருஷம் முழுக்க ஒரு மனுஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அவனை உள்ளே கொண்டுவரத் தெரியாத ஊழியம் என்ன ஊழியம், அம்மா?" என்று கேட்டார்.

"மரத்தடியில இருந்தான் ஐயா. இப்பப் படி வரைக்கும் வந்துட்டான். மிச்சத்த அவனே வருவான்," என்றாள் அம்மா.

அவருக்கு அது போதவில்லை. பேச்சியின் கதை அவருக்குத் தெரியும். அதைப் படமாக்கினால் பார்க்கிறவர்கள் உருகுவார்கள், சீமைக்கு ஒரு பிரதி அனுப்பினால் அங்கிருந்து உதவி வரும் என்று நினைத்தார். பசுமலையிலிருந்து போட்டோக்காரர் ஒருவரை வரவழைத்தார். எங்கள் வளவிலேயே, பகல் வெளிச்சத்தில், ஒரு கீற்றுத் தட்டிக்கு முன்னால் பேச்சியை உட்காரவைத்தார்கள். கூந்தலை அவிழ்க்கச் சொன்னார்கள். எங்கள் அடுப்புச் சாம்பலை எடுத்து நெற்றியில் பூசச் சொன்னார்கள். ஞானஸ்நானத்தன்று பழைய போதகர் துடைத்துவிட்ட நெற்றி அது. புதியவர், "இன்னும் கொஞ்சம் பூசு கிருபை, படத்தில் தெரிய வேண்டும்," என்றார்.

"மடி வெறுமையா இருக்கே," என்றார் போட்டோக்காரர்.

அதற்கும் போதகர் ஏற்பாடு செய்திருந்தார். பிள்ளையைச் சுற்றிய மாதிரியே ஒரு துணி வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்ததால், பேச்சி எரவாணத்திலிருந்து மிச்சப் பாதியை எடுத்து வந்திருந்தாள். எங்கள் வீட்டுக்குள் போய் என் தலையணையை எடுத்து வந்து அதில் சுற்றிக் கொடுத்தார்கள்.

"இது எதுக்குய்யா?" என்று அப்போதுதான் பேச்சி கேட்டாள்.

"இதைப் பார்த்து எத்தனையோ தாய்மார் மனந்திரும்புவார்கள். அவர்கள் பிள்ளைகள் பிழைக்கும். உன் மகன் வீணாகச் செத்தான் என்று இருக்கட்டுமா?"

அவள் வாங்கிக்கொண்டாள். பச்சைப்பிள்ளையை வாங்குகிற மாதிரி, கழுத்துக்குக் கீழே கை கொடுத்து வாங்கினாள். ஆடாமல் இருக்கச் சொன்னார்கள், ஆடாமல் இருந்தாள். கண்ணீர் மட்டும் வடிந்துகொண்டிருந்தது. "அற்புதம், அற்புதம்," என்றார் போட்டோக்காரர். எல்லாம் முடிந்தும் அவள் தலையணையைத் தரவில்லை. அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். சாம்பலும் ஈரமுமாகத் தலையணை திரும்பி வந்ததற்காக நான் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். பத்து வயதில் எனக்குத் தெரிந்த துக்கம் அவ்வளவுதான்.

படம் சென்னைக்குப் போய், கண்ணாடியில் ஏறி, வண்ணம் தீட்டப்பட்டு வந்தது. சிவப்பைச் சரியாகப் போட்டிருந்தார்கள். முதலில் அதைப் பேச்சியின் தெருவில்தான் காட்ட வேண்டும் என்றார் போதகர். "அங்க மட்டும் வேணாம் ஐயா," என்றாள் அம்மா. "மாயாண்டிக்காகத்தானே அம்மா இவ்வளவும்!" என்றார் அவர்.

பொழுது சாய்ந்ததும் இரண்டு மூங்கிலுக்கு நடுவே வேட்டியைக் கட்டினார்கள். மண்ணெண்ணெய் விளக்கை உள்ளே வைத்து லாந்தரின் தகரக் கதவைச் சாத்தினார்கள். தகரம் சூடேறி அந்த நெடி கிளம்பியது. தெருவே திரண்டுவிட்டது. முதலில் கப்பல், யானை, பனிமலை. "ஏ மாப்ள, தள்ளு, யானை மிதிச்சிரும்!" என்று ஒரே கூச்சல். பிறகு வேதப் படங்கள். அதன் பிறகு அந்தப் படம்.

"ஏய், நம்ம பேச்சிடா!"

"அடியே பேச்சி, பயாஸ்கோப்காரி ஆயிட்டியே! இனி எங்கள ஞாபகம் இருக்குமா?"

சிரிப்பு மெதுவாக அடங்கியது. மடியில் இருந்த துணியைப் பார்த்துவிட்டார்கள். மாயாண்டி எழுந்து வேட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். அவன் முதுகிலும் படம் விழுந்தது.

"ஐயா, மடியில கெடக்குறது யாரு?"

அது அவன் மனம் உடைந்து கேட்கிற கேள்வி என்று போதகர் நினைத்துக்கொண்டார். குரலை உயர்த்தி, "உன் மகன்தான் மாயாண்டி! நன்றாகப் பார்! உன் மகன்தான்!" என்றார்.

"அவன நான் மண்ணுக்குள்ளதான வச்சேன்."

வேறொன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போய் மம்பட்டியோடு வந்தான். ஒரு கை விளக்கை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரையைப் பார்த்து நடந்தான். தெருவே பின்னால் ஓடியது. "தலகாணிய்யா அது! வெறும் தலகாணி! தோண்டாதய்யா!" என்று பேச்சி கத்திக்கொண்டே ஓடினாள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கரைக்கு வந்ததும் முந்தானையால் என் முகத்தை மூடிவிட்டாள். நான் எதையும் பார்க்கவில்லை. மம்பட்டி விழும் சத்தத்தைக் கேட்டேன். பிறகு அது நின்று, கையால் மண்ணை வழிக்கும் சத்தம்.

"இங்கனதான் இருக்கான்," என்றான் மாயாண்டி.

பிறகு அவன் பேச்சியைக் கேட்டான்.

"அப்பத் தலகாணிக்கா அழுத? எம் புள்ளைக்கு அழுத மாதிரியே?"

தெருவில் போதகர் ஒரு பாட்டை ஆரம்பித்திருந்தார். அது காற்றில் இங்கே வரை வந்தது.

குழியை மூடிவிட்டு அவன் வீட்டுக்குப் போனான். பின்னாலேயே போன பேச்சியைப் படலுக்கு வெளியே நிறுத்தினான். திட்டவில்லை, அடிக்கவில்லை. "ஒங்க வீடு அங்கிட்டு இருக்கு, கிருபையம்மா," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் படலைச் சாத்தினான். அந்தப் பெயரைச் சொல்லி அவன் அவளைக் கூப்பிட்டது அந்த ஒருமுறைதான்.

அன்று அவள் எங்கள் வீட்டில் படுத்தாள். தலைக்கு வைக்க எங்களிடம் கூடுதலாக இருந்தது என் தலையணை ஒன்றுதான். அம்மா அதைக் கையில் எடுத்தாள். அப்புறம் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

மாயாண்டி கங்காணி ஒருவனோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனான் என்றார்கள். பேச்சி எங்கோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனாள். அங்கிருந்து இரண்டு தரம் ஆள் மூலம் எங்களை விசாரித்ததோடு சரி. படம் மட்டும் ஊர் ஊராகப் போனது. மம்பட்டியோடு எதிர்த்து வந்த கூட்டத்தின் நடுவே தேவன் தம்மைக் காப்பாற்றியதையும் போதகர் அதோடு சேர்த்துச் சொல்வார். மனதார நம்பித்தான் சொன்னார். அடுத்த பேதி வருஷம் அம்மா அந்தத் தெருவுக்கு ஓடினாள். அதற்குள் பிணத்தைத் தோண்டிப் படம் பிடிக்கிறவர்கள் என்று எங்களுக்குப் பெயர் ஆகியிருந்தது. "பொணந்தோண்டி வருது, கதவச் சாத்துங்கடி," என்று ஒரு குரல் கேட்டதாம். ஒவ்வொரு படலாகத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே பிள்ளைகள் அனத்துவதைக் கேட்டுக்கொண்டே திரும்பி வந்தாள்.

இதையெல்லாம் போன வாரம் அந்த விளக்கு வெளிச்சத்தில் என் மகளிடம் சொன்னேன். இரைந்துகொண்டிருந்த பெட்ரோமாக்ஸை நடுவில் நிறுத்தக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. அவள் தேம்பித் தேம்பி அழுதாள். நல்ல பெண், ஈரமுள்ள மனசு. தாவணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மா, நான் அங்க இதையே சொல்லட்டுமா? கண்டிப்பா எல்லாரும் அழுதுருவாங்க."

கஷாயம் ஆறுகிறது, குடி என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

அந்தத் தெரு இப்போது இல்லை. கண்மாய்க்கரையை உயர்த்திக் கட்டியபோது அந்தக் குழி எந்த மண்ணுக்கடியில் போனதோ. வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள். போதகரும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். பயந்தான், வந்தேன், அம்புட்டுதான் என்று சொல்லத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது எங்கள் சபையில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆலயத்தின் கீழ்ப்படி மட்டும் இருக்கிறது, புதிதாகச் சிமென்ட் பூசி. அதில் உட்கார்ந்திருந்தவன் இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமையில் எழுந்து உள்ளே வந்திருப்பானோ.

நாளை காலை அவர்கள் புறப்படுகிறார்கள். கண்ணாடியை உடைக்க எனக்குத் தைரியம் இல்லை, காலேஜ் பொருள். அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.

"அம்மா, அந்தப் படத்த எங்க வச்சீங்க?" என்று கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.