கைத்தொழில் பாடத்துக்குப் போன சிவப்புக் கண்டு

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்: தலைமை வாத்தியார், சின்ன வாத்தியார், பள்ளியைப் பார்வையிட இராசிபுரத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர், அவர் பெட்டியைத் தூக்கி வந்த சேவகர், கீழ் மூன்று வகுப்புப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர், நான்காம் வகுப்பில் நாங்கள் ஆறு பேர். ஆறில் பெண்பிள்ளை நான் ஒருத்தி. எங்கள் வீட்டாரில் யாரும் இல்லை. இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ.

வெண்ணந்தூரில் அப்போது எங்கள் பள்ளிக்கு நான்காம் வகுப்புவரைதான் அனுமதி. ஐந்தாவது படிக்க இராசிபுரம் போக வேண்டும். பெண்ணை அவ்வளவு தூரம் யார் அனுப்புவார்கள்? இன்ஸ்பெக்டர் பார்த்துத் திருப்தியானால் ஐந்தாம் வகுப்பு இங்கேயே வரும். வராவிட்டால் என் படிப்பு அதோடு சரி.

வாசிப்பும் கணக்கும் மட்டும் போதாது என்பவர் தலைமை வாத்தியார். பூகோளம், பாட்டு, டிரில், தோட்டம், படம் வரைதல், கைத்தொழில் எல்லாம் உண்டு. ஒன்றுக்காக ஒன்றை விடமாட்டார். கணக்கில் தோற்றவன் கத்தரிப் பாத்தியை நன்றாக வைத்திருந்தால் அவனையும் மெச்சுவார். அப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கை.

"ஏனுங்க, காலைத் தூக்கி ஆட்டறதுக்குப் பள்ளிக்கோடம் எதுக்குங்க? எங்கூட்டுத் தறிக்குழிக்கு அனுப்புங்க, நாள் முச்சூடும் மிதிக்கட்டும்" என்று அவரிடமே சொல்வார்.

"மிதிக்கிறப்பப் பாட்டும் பாடச் சொல்லுங்க, ரெண்டு பாடம் முடிஞ்சிரும்" என்பார் வாத்தியார்.

எட்டுப் பாடத்தில் கைத்தொழில்தான் இழுபறியாக நின்றது. அட்டையின் ஓரத்தில் பல் வெட்டி, நூல் கட்டி, கையாலேயே நாடா நெய்ய வேண்டும். பள்ளிக்கு வாங்கிய நூல் தீர்ந்துவிட்டது. "உங்கூட்டுல கழிவு நூல் கெடந்தாக் கொண்டா, சாமி" என்றார் என்னிடம். எங்கள் வீட்டுக் கழிவு நூல் அழுக்கு வெள்ளை. கஞ்சி காய்ந்து முடிச்சு முடிச்சாக இருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் அனுமதி போய்விடும் என்று பயந்தேன். அப்பாவும் அம்மாவும் பக்கத்துத் தெருவில் ஒருவருடைய தறிக்கு நீட்டிய பாவு நூலுக்குக் கஞ்சி போடக் கை கொடுக்கப் போயிருந்தார்கள். தறிக்கு மேலே ஆணியில் ஒரு சிவப்பு நூல்கண்டு தொங்கியது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அது கழிவு இல்லை, தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவின் கடைசிச் சேலைக்கு முந்தானை நூல் என்று எனக்குத் தெரியும். கரைக்கும் முந்தானைக்கும் வேண்டிய சிவப்பை ஒரே தொட்டியில் சாயம் தோய்த்து, எண்ணித்தான் கொடுப்பார் நூல் முதலாளி. ஆனால் அப்பா அந்த முந்தானைக்கு வர சனிக்கிழமை ஆகும். இன்ஸ்பெக்டர் வருவதோ வியாழக்கிழமை. அன்று சாயங்காலமே நாடாவைப் பிரித்து, கண்டாகச் சுற்றி மாட்டிவிடலாம். இதையே எத்தனை தரம் எனக்குள் சொல்லிச் சொல்லித் தைரியம் பண்ணிக்கொண்டேன்!

இன்ஸ்பெக்டர் தேசப்படத்தில் காவேரியைத் தொட்டுக் காட்டச் சொன்னார். பாட்டுக் கேட்டார். பாத்தியைச் சுற்றி வந்தார். கடைசியில் என் நாடாவை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"யார் நெய்தது?"

"நானுங்க."

"பேஷ்! மற்றப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கு இதைக் காட்ட வேண்டும்" என்று சுருட்டிச் சேவகரிடம் கொடுத்தார். அவர் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"சார்..." என்றேன்.

"என்னம்மா?"

தலைமை வாத்தியாரைப் பார்த்தேன். அவர் முகம் அத்தனை மலர்ந்து நான் பார்த்ததில்லை. "ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை முழுதும் நான் தறிப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமை அப்பா ஆணியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை. கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனார்.

"எனக்குத் தெரியாமப் போச்சுங்களே!" என்று வாத்தியார் பதறினார். "ஆனா ஒண்ணுங்க, அஞ்சாங்கிளாசு வந்துரும்னு சொல்லிட்டுப் போயிருக்காருங்க."

"அஞ்சாங்கிளாசு வருமுங்க. முந்தானை வருமுங்களா?"

வாத்தியார் இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் போட்டார். பதில் இல்லை. தன் கையிலிருந்து கொடுக்க அவரிடமும் ஒன்றும் இல்லை. அவருக்குச் சம்பளம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்பா வேறு சிவப்பு வாங்கி நெய்து முடித்தார். முதலாளி சேலையை வெயிலில் விரித்தார்.

"கரை ஒரு செகப்பு, முந்தானை ஒரு செகப்பு! ஏப்பா, ரெண்டு பொம்பளைங்களா கட்டப் போறாங்க? சேலையை நீயே வெச்சுக்க, நூலுக்குக் காசைக் கட்டு."

மூன்று ரூபாய் நாலணா. என் கூலியில் வாரம் இரண்டணா கழிப்பதென்று அப்பா பேசி, திங்கட்கிழமை முதல் நான் முதலாளி வீட்டில் குழலில் நூல் ஏற்றித் தார் சுற்ற உட்கார்ந்தேன். ராட்டையைச் சுற்றிக்கொண்டே, கோடை லீவு முடிந்து பள்ளி திறக்க எத்தனை வாரம் என்று எண்ணுவேன். அதற்குள் கடன் தீராது என்று தெரிந்தும் எண்ணுவேன்.

அனுமதி வந்தது. ஐந்தாம் வகுப்பு தொடங்கிய அன்று காலையில் தலைமை வாத்தியார் முதலாளி வீட்டு வாசலுக்கே வந்தார்.

"அந்தப் புள்ளயால வந்த கிளாசுங்க. அதை உட்டுட்டு எப்படிங்க தொடங்கறது? பாக்கியை எம்பேர்ல எழுதிக்குங்க."

"உங்களுக்கே சம்பளம் எப்ப வரும்னு தெரியாதுங்களே, வாத்தியாரே" என்று முதலாளி சிரித்தார். நான் ராட்டையை நிறுத்தி எழுந்து நின்றேன். முதலாளி கணக்கு நோட்டை எடுத்து, என் பக்கத்தைப் பிரித்து, வாத்தியார் பார்க்கும்படி திருப்பி வைத்து, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். பதினொரு வாரம் கழித்தது போக, பாக்கி ஒரு ரூபாய் பதினாலணா.