பூ நிற்காத தலை

என் தலைமுடி பிறவியிலேயே சுருட்டை. உள்ளே போன சீப்பு இரண்டு பல்லாவது இழக்காமல் வெளியே வராது. அதனால், என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன கீழ்பென்னாத்தூர் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருவதாகச் சொன்னதும் பார்லருக்கு ஓடினேன்.

புதன்கிழமை ஸ்ட்ரெயிட்டனிங் பண்ண ஐந்து மணி நேரம் உட்கார்ந்தேன். எழுந்தபோது முடி நேராக, பளபளவென்று இடுப்புவரை தொங்கியது. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. பார்லர் அக்கா மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: "மூணு நாளைக்கு தண்ணி படக்கூடாது. பின்னக்கூடாது, கிளிப்பு கூடாது. காதுக்குப் பின்னால கூட ஒதுக்கிடாத. கோடு விழுந்தா அப்படியே நின்னுடும்."

சனிக்கிழமை அலசினால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தயார். ஆனால் அந்த ஞாயிறு பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் வேனை விடமாட்டார்கள் என்பது, பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருக்கும் என் அப்பாவுக்கு வியாழக்கிழமை சாயங்காலம்தான் உறைத்தது. போன் போட்டு விசேஷத்தை மறுநாளைக்கே மாற்றிவிட்டு, பெரிய காரியம் முடித்தவராகக் காபி கேட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் பூ வைத்தால்தான் பேச்சு உறுதி. கிளிப்பு இல்லாமல், வழவழவென்ற முடியிலிருந்து அந்தப் பூ கீழே விழுந்தால் சகுனம் பேச இரண்டு பக்கமும் ஆள் உண்டு. எனக்கோ அந்தப் பையனை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. நான் கிண்டிய, கட்டி தட்டிப்போன கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன்.

"ஒரே ஒரு கிளிப்பு குத்துனா என்னாடி ஆயிடும்?" என்றார் அம்மா.

"கல்யாணத்தன்னிக்கும் அந்தக் கோடு இருக்கும்மா."

"அப்ப பூவ பசை போட்டு ஒட்டிக்கோ."

வெள்ளிக்கிழமை தலைவிரி கோலமாகக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். "பொண்ணு என்னா, சாமியாடப் போவுதா?" என்று யாரோ ஒரு பெரியம்மா கேட்டது நன்றாகவே காதில் விழுந்தது.

மாப்பிள்ளையின் அம்மா மல்லிகைச் சரத்தை வைத்தார். அது சறுக்குமரத்தில் குழந்தை இறங்குவதுபோல வழுக்கிவந்து அவர் உள்ளங்கையிலேயே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி வந்தது.

அவர் என் காதருகே குனிந்தார். "பண்ணி எத்தினி நாள் ஆவுது?"

"இன்னியோட மூணுங்க அத்தை."

"அப்ப கிளிப்பு வேணாம். போன மாசம்தான் நானும் பண்ணேன். மூணு நாளும் உக்காந்துக்கினே தூங்கினேன்."

பிறகு சரத்தை என் தலையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எங்க வீட்டு வழக்கங்க இது. வெச்ச கைய, விசேஷம் முடியற வரைக்கும் எடுக்கமாட்டோம்."

தட்டு மாற்றி, போட்டோ எடுத்து, எல்லாரும் சாப்பிட எழுந்திருக்கும்வரை ஒரு மணி நேரம் என் பின்னால் நின்றார். எந்தப் போட்டோவிலும் முதலில் கண்ணில் படுவது என் முடி இல்லை. அவர் கைதான் தெரிகிறது. எனக்கு அதில் துளி வருத்தமில்லை.

போன மாதம், அன்று கூடத்தில் இருந்த என் கணவரின் சித்தி, தன் மகனுக்குப் பார்த்த பெண்ணுக்குப் பூ வைத்தார். பெண்ணுக்கு நல்ல இறுக்கமான பின்னல். பூ அசையவே இல்லை. ஆனாலும் சித்தி, வியர்க்க வியர்க்க, கடைசிவரை கையை எடுக்கவில்லை. நானும் என் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.