கோடித் துணியில் ஒரு கத்திரிக்காய்

பயம் என்றால் என்னவென்று எனக்குக் காட்டியது ஓர் எட்டு முழக் காடாத் துணி. பேய்க்கும் பாம்புக்கும் அஞ்சாதவள் நான், பெரம்பலூர்க்காரி. அரியலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாலாம் மாதம் அது நடந்தது.

ஊருக்கு வெளியே நாடகக் கொட்டகை போட்டிருந்தார்கள். மாமியார் என்னைக் கூட்டிப்போனார். மேடையில் கதாநாயகி உருண்டு அழுதாள். பெண்கள் பக்கம் முழுக்க மூக்கைச் சிந்தியது. நான் அவளுக்குப் பின்னால் தொங்கிய படுதாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மேசை, வெள்ளித் தட்டு, திராட்சைக் கொத்து, பாதி வெட்டிய பழம். அவ்வளவுதான் படம். திராட்சை மினுங்க வேண்டிய இடத்தில் வெள்ளை பூசாமல் துணியை அப்படியே விட்டிருந்தார் அதை எழுதியவர். அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவரைப் போல ஒரே ஒரு படம் எழுதிவிட வேண்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்தது.

துணிக்கு எங்கே போவது? யுத்தம் முடிந்தும் துணிக் கன்ட்ரோல் முடியவில்லை. கார்டுக்குத்தான் துணி, அதுவும் வந்தால் உண்டு. மாமியாரின் மரப்பெட்டி அடியில் ஒரு புதுக் காடா கிடந்தது. புதுத்துணி என்றால் முனையில் மஞ்சள் தடவி, இன்னாருக்கு என்று எடுத்து வைப்பதுதான் வழக்கம். இதில் மஞ்சள் இல்லை. அப்படியானால் இது யாருக்கும் இல்லாத துணி என்று முடிவு கட்டினேன். என் அறிவை என்னவென்று சொல்ல!

மற்றவர்கள் வயலில் இருப்பார்கள், மாமனார் மதியம் கண்ணயர்வார். அந்த நேரத்தில் நெல் கொட்டும் குதிர் இருந்த அறையில் போய் உட்கார்ந்தேன். பித்தளைச் செம்பு, ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த இரண்டு முந்திரிப் பழம், கொல்லையில் பறித்த ஒரு கத்திரிக்காய். வண்ணத்துக்கு மஞ்சள்தூள், அதில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு, வெளுப்புக்கு வைத்திருந்த நீலம், விளக்குக் கரி. எல்லாவற்றிலும் கருவேலம் பிசின் கலந்தேன். துணியின் ஒரு பாதியில் மூன்று மதியத்தில் படம் முடிந்தது. கத்திரிக்காயின் முதுகில் மட்டும் கொஞ்சம் துணியை வெள்ளையாக விட்டேன், காய் மினுங்கியது. எனக்கே என்மேல் கர்வம். மடித்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

மறு வாரம் மாமனார் காய்ச்சலில் விழுந்தார். கண்ணில் புரை, எதையும் கையால்தான் பார்ப்பார்.

"இந்தாம்மா, பெட்டியில என் கோடி இருக்கு. எடுத்துட்டு வா. ஒருதரம் தொட்டுப் பாக்குறேன்" என்றார்.

கோடி. பிணத்துக்குப் போர்த்தும் புதுத்துணி. அதற்கு யார் மஞ்சள் வைப்பார்கள்? துணி கிடைக்காமல் யாரையோ பழைய வேட்டியோடு எடுத்துப்போனதைக் கேள்விப்பட்டு, அவர் தனக்கென்று முன்பே வாங்கி வைத்தது அது. சாவுக்கு வைத்த துணியில் மஞ்சள் பூசி விளையாடியிருக்கிறேன். காய்ச்சலே என்னால்தான் வந்தது என்று நம்பினேன்.

மடிப்பைக் குலைக்காமல் கொண்டுபோய் நீட்டினேன். அவர் விரல் மடிப்புக்குள் நுழைந்து, பிசின் காய்ந்த இடத்தில் நின்றது.

"என்ன இது, மொடமொடன்னு இருக்கு?"

பக்கத்தில் இருந்த மாமியார் மடிப்பை விலக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் செத்துப் பிழைத்தேன்.

"கன்ட்ரோல் துணிங்க. கஞ்சிய அள்ளிப் போட்டுத்தான் தரான்" என்றார்.

"நல்ல துணிதான்" என்று மாமனார் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன்பின் மாமியார் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். ஊரைக் கூட்டுவாரா, பெரம்பலூருக்கே திருப்பி அனுப்புவாரா என்று ஒவ்வொரு வேளையும் நடுங்கினேன். நாலாம் நாள் காலையில் மாமனார் போய்விட்டார்.

துணிக்கடை திறக்கவில்லை. கோடி கொண்டுவர வேண்டிய உறவுக்காரர்களும் வெறும் மாலையோடுதான் வந்தார்கள். வெளியே பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது மாமியார் என்னை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். அடி விழப்போகிறது என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் துணியைத் தரையில் விரித்து, படம் உள்ளே போகும்படி இரண்டாக மடிக்கத் தொடங்கினார். பாதியில் கை நின்றது.

"அவருக்குக் கத்திரிக்கா ஒத்துக்காதே, பொண்ணு. ஒடம்பெல்லாம் அரிக்குமே. அதைப் போயி ஏன் எழுதுன?"

காலையிலிருந்து அழாதவர், அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.