எட்டு நூல்

அலுமினியத்தைக் கடையும்போது மண்ணெண்ணெய் விட வேண்டும். அந்த வாடையும், சுருள் சுருளாகக் கழன்று விழும் வெள்ளைச் சீவலும்தான் நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டின் பின்புறம் நிறைந்து கிடந்தன. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்து வந்த அப்பா, தகரக் கொட்டகையில் ‘லேத்து’ என்னும் பழைய கடைசல் இயந்திரம் ஒன்று வைத்திருந்தார். ஆலை வேலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அங்கே அம்மாவுக்காக ஒரு மோட்டார் சைக்கிளை உருவாக்கிக்கொண்டிருந்தோம். ‘கொண்டிருந்தோம்’ என்று பன்மையில்தான் சொல்வேன்; படம் வரைந்தது நான்.

அம்மா எட்டயபுரம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்வரும் நர்ஸ். முந்தின ஐப்பசி மழையில், பிரசவ வலி கண்ட ஒருத்தியைப் பார்க்கப் போன வழியில், கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு அம்மாவின் ஸ்கூட்டர் சக்கரத்தை இறுக்கிவிட்டது. வண்டியைப் போட்டுவிட்டு நடந்து போய்ச் சேர்வதற்குள், ஊர்க்காரர்கள் அவளை டிராக்டரில் ஏற்றிக் கிளம்ப, வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் செய்த புண்ணியம். அம்மா அன்று சாப்பிடவில்லை. “இன்னொரு மட்டம் பிந்திப் போனேன்னா, இந்த வேலையே எனக்கு வேண்டாம்” என்றாள். சொன்னால் செய்கிறவள்.

அப்பா பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிச் சரிசெய்து, சேற்றைப் பிடித்து ஏறும் ‘பட்டன் டயர்’ போட்டார். பருமனான டயர்; முன்மட்கார்டைத் தூக்கினால்தான் உரசாது. தூக்குவதற்கு இடையில் கொடுக்கும் நாலு ‘புஷ்’, அதாவது துளையுள்ள அலுமினிய உருளைகள், எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. நான் தீப்பெட்டி அட்டையை வெட்டி வைத்துப் பார்த்து, ஸ்கேலால் அளந்து, நோட்டில் படம் போட்டு, உயரம் 8 என்று எழுதினேன். எனக்கு 8 என்றால் மில்லிமீட்டர். அப்பாவுக்கு எட்டு என்றால் எட்டு ‘நூல்’. பட்டறைக் கணக்கில் அது முழுசாக ஓர் அங்குலம், மூன்று மடங்குக்கும் மேல்!

மாட்டிப் பார்த்தால் மட்கார்டு அந்தரத்தில் நின்றது. “என்ன அண்ணாச்சி, வண்டி மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கு, கோவமா?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“மில்லிமீட்டர்னு எழுதுறதுக்கு என்ன?” என்று அப்பா என்னை முறைத்தார்.

“கேக்குறதுக்கு என்ன?” என்றேன். அப்போதே எனக்கு வாய் அதிகம்.

கழற்றிக் குறைத்துவிடலாம் என்று அப்பா ஸ்பேனரை எடுத்த நேரம், ஒரு கிராமத்திலிருந்து பிரசவ வலி என்று போன் வந்தது. மேற்கே வானம் இருண்டிருந்தது. “அழகு பாக்கவா போறேன்? சக்கரம் சுத்துதுல்லா” என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு அம்மா கிளம்பிவிட்டாள். மழை கொட்டியது. அப்பா எண்ணெய் போட்ட லேத்துக்கே மறுபடி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வண்டிச் சத்தம் கேட்டது. முழங்கால் வரை சேறு. “ஆம்பளப் புள்ள. நான் போயி வெந்நி வச்ச பொறவுதான் பொறந்தான்” என்று சிரித்தாள். டயரில் மண் கனமாக ஏறியிருந்தும், அதற்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடமிருந்தது. நான் டயரை அளந்தேனே தவிர, அதோடு ஏறும் மண்ணை அளக்கவில்லை. என் எட்டு மில்லிமீட்டர் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது.

மறுநாளே அப்பா எதிர்வீட்டில் போய், “கரிசலுக்கு ஒரு இஞ்சு வேணும்னு எனக்குத் தெரியாதாக்கும்?” என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

இன்று கோயம்புத்தூரில் கம்ப்யூட்டரில் உதிரிபாகங்கள் வரைகிறேன். முதல் கோடு போடுமுன் அளவு எந்தக் கணக்கில் என்பதைத்தான் தீர்மானிக்கிறேன். அம்மா அன்று போன வண்டிப்பாதை தார் ரோடாகிவிட்டது. சக்கரத்து மண்ணைக் குச்சியால் குத்தித் தள்ளிக்கொண்டு வழியில் நிற்பவர்கள் இப்போது இல்லை. அப்பாவுக்கும் எனக்கும் உள்ள வழக்கு மட்டும் தீரவில்லை. போன பொங்கலுக்கும் அது யாருடைய எட்டு என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். ஓய்வுபெற்ற அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, அப்பனும் மகளும் எட்டு எட்டுன்னு பேசுங்க. அன்னைக்குச் சேத்துல ஓட்டுனவ நான்.”