வேகம் தேங்கிய தொட்டி

மேல்காற்று அடித்தால் கோழிப்பண்ணையின் வாடை எங்கள் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்துவிடும். கருவாட்டுத் தூளும் கோழி எச்சமும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாடையை மோகனூர்ப் பேருந்தில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பார்கள், நாங்கள் அதிலேயே ரசம் சோறு தின்று வளர்ந்தோம். எனக்கு அந்தப் பண்ணையின் மேல் வாடையைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஓட்டப்பந்தயத்தில் என்னை எவளும் முந்தியதில்லை. அந்தத் திமிர் என் நடையிலேயே தெரிகிறது என்று அம்மா திட்டுவார். அந்த வருஷம் சேலத்திலிருந்து ஸ்டெல்லா வந்து சேர்ந்தாள். அவள் அப்பா அந்தோணி பண்ணையில் வாட்ச்மேன். குடும்பமும் பண்ணைக்குள்ளேயே ஓர் அறையில் இருந்தது. காலில் செருப்புக்கூட இல்லாத அந்த ஒல்லிக்குச்சி முதல் ஓட்டத்திலேயே என்னைப் பத்தடி பின்னால் விட்டாள். வட்டாரப் போட்டிக்கு ஒரே ஒரு பெண்ணைத்தான் அனுப்புவார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

தோற்றவளுக்குக் காரணம் வேண்டுமல்லவா? எனக்கு அது ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தில் கிடைத்தது. லாரி ஓட்டிய மாமா எந்த ஊரிலோ வாங்கி வந்த, அட்டை கிழிந்து பேரே தெரியாமல் போன புத்தகம். அதன் நாயகன் கண் இமைப்பதற்குள் ஊர்விட்டு ஊர் ஓடுவான். அந்த வேகம் அவன் உடம்பில் ஊறியதல்ல. நம் உலகத்துக்கு அப்பால் இன்னொரு வெளி இருக்கிறது, அங்கே மண்ணும் இல்லை காற்றும் இல்லை, வேகம் மட்டும் ஏரித் தண்ணீர் மாதிரித் தேங்கிக் கிடக்கிறது, வாசல் தெரிந்தவன் அதில் கால் நனைத்துவிட்டு வந்தால் போதும். அதற்கு ‘அப்பால் வெளி’ என்று பெயர். போய் வந்தவனைக் கண்டுபிடிக்க ஒரே அடையாளம், பாதத்தில் ஏறிய ஊதா நிறம்.

ஸ்டெல்லாவின் பாதம் இரண்டும் ஊதா.

“உன்ற காலு ஏன் இப்பிடி இருக்குது?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“பண்ணை கேட்டுப் பக்கத்துல ஒரு தொட்டி இருக்கு. அதுல கால் நனைக்காம யாரையும் உள்ள விடமாட்டாங்க. மருந்துத் தண்ணி.”

மருந்தாம்! ரகசியத்தை வைத்திருப்பவர்கள் அப்படித்தான் பேர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு நான் அவளை விடவில்லை. சத்துணவில் அவள் இரண்டாவது முறை சோறு வாங்குவதையும், பள்ளி விட்டதும் எனக்குப் பிறகு கிளம்பியும் எனக்கு முன்னால் சாலை முனையில் நிற்பதையும் குறித்து வைத்தேன். எல்லாம் அப்பால் வெளிக்கே பொருந்தியது. சந்தேகம் வந்துவிட்டால் பொருந்தாதது என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது.

தொட்டியைப் பார்க்கப் போனேன். அந்தோணியண்ணன் கேட்டுக்கு வெளியிலேயே தடுத்துவிட்டார். “பாப்பா, உங்க வீட்ல நாட்டுக்கோழி இருக்குல்ல? கோழி வளர்க்கிற வீட்டு ஆளுங்க இந்தப் பக்கமே வரக்கூடாது. முதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்.” பண்ணையில் வேலை செய்பவர்கள் தங்கள் வீட்டில் ஒரு குஞ்சுகூட வளர்க்கக் கூடாதென்பது எங்கள் பக்கத்தில் எல்லாப் பண்ணைகளிலும் உள்ள கட்டுப்பாடுதான். ஆனால் எனக்கு அன்றைக்கு அதுவும் சாக்காகவே பட்டது. எங்கள் கோழிக்கும் இவர்கள் தொட்டிக்கும் என்ன சம்பந்தம்?

அந்த வாரம் எங்கள் வீட்டில் ‘வெள்ளைக்கழிச்சல்’. கோழிகள் வெள்ளையாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு ஒவ்வொன்றாகச் செத்தன. சனிக்கிழமை காலை செத்த செங்கோழியை நான்தான் தூக்கிப்போய்ப் புதைத்தேன். அதே மத்தியானம், அதே பாவாடையோடு, வெறுங்காலோடு, பண்ணையின் பின்பக்கக் கம்பிவேலிக்கடியில் நுழைந்தேன். கொட்டகை கொட்டகையாக வெள்ளைக் கோழிகள் கழுத்தை நீட்டிக் கத்த, அவற்றின் நடுவே ஓடி முன்கேட்டுக்கு வந்தேன். அந்தோணியண்ணன் சாப்பிடப் போயிருந்தார். தொட்டித் தண்ணீர் நாவற்பழச் சாறு மாதிரி இருந்தது. முழங்கால் வரை நனைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். உள்ளே போகும்போது நனைக்க வேண்டிய காலை, வரும்போது நனைத்தேன்.

திங்கட்கிழமை ஸ்டெல்லா என் காலையே பார்த்தாள். “நீ பண்ணைக்குள்ள வந்தியா?”

“நானா? நாவப்பழம் மிதிச்சேன்.”

அது நாவற்பழக் காலமே இல்லை.

அன்று சாயங்காலம் ஓடிப் பார்த்தேன். அதே வேகம்தான், சொல்லப்போனால் மூச்சு முன்னைவிட வாங்கியது.

அந்த வாரமே பண்ணையில் கோழிகள் சாகத் தொடங்கின. முதலாளி வந்து கொட்டகை கொட்டகையாகப் பார்த்தார். வெள்ளைக் கோழி மட்டுமே உள்ள இடத்தில், பின்பக்கக் கொட்டகையருகே செந்நிற இறகொன்று கிடந்தது. அந்தோணியண்ணன் திருட்டுத்தனமாக நாட்டுக்கோழி வளர்க்கிறார் என்று முடிவாகி, அவர் வேலை போயிற்று. அவர் மாதா படத்தின் மேல் சத்தியம் செய்தாராம். “நெருப்பில்லாமப் புகையுமாங்க?” என்று ஊரே கேட்டது. என் அப்பா மட்டும் ராத்திரிச் சோற்றின்போது என்னிடம், “பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆயிரக்கூடாது சாமி” என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் நடந்ததைச் சொல்லாமல் சோற்றைத் தின்று முடித்தேன். வாயைத் திறந்தால் அடி விழும் என்ற பயம் ஒரு பங்கு. ஸ்டெல்லா போய்விட்டால் போட்டிக்கு நான்தான் என்ற கணக்கு இன்னொரு பங்கு. இன்றைக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது, இரண்டாவதுதான் பெரிது.

மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் தன் அப்பாவோடு பள்ளிக்கு வந்தாள். தலைமையாசிரியர் அறையில் நின்றபோது அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் கால் இன்னும் முழுசாக வெளுத்திருக்கவில்லை. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வட்டாரப் போட்டியில் நான் நான்காவதாக வந்தேன்.

நோய் காற்றிலும் வரும், காக்கையாலும் வரும் என்று எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் பின்னாளில் சொன்னார். எனக்கு வசதியாக இருப்பதாலேயே அந்தப் பதிலை என்னால் நம்ப முடியவில்லை.

பண்ணை இருந்த இடம் இப்போது வீட்டுமனை. வரிசையாக எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். தொட்டியை எப்போதோ மூடிவிட்டார்கள், புத்தகம் பழைய பேப்பரோடு போயிற்று. மேல்காற்றில் இப்போது எந்த வாடையும் இல்லை. போன மாதம் அந்த வழியாக நடந்தபோது அம்மா என் மகளிடம், “இங்கதான் சாமி, அந்தோணின்னு ஒரு வாட்ச்மேன் திருட்டுத்தனமா நாட்டுக்கோழி வளத்து, ஒரு பண்ணையவே அழிச்சுப்போட்டான்” என்று கை காட்டிச் சொன்னார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, “நெசமாம்மா?” என்றாள்.

“கல்லுக் கெடக்குது, பாத்து வா” என்றேன் நான்.