படமாகப் போட்ட மரண அறிவித்தல்

போன சனிக்கிழமை, எங்கள் நகரின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் ஒரு வீட்டு சோபாவில் உட்கார்ந்து, என் வெப்சைட் பேசுவதை முதல் தடவையாகக் கேட்டேன்.

"இமேஜ்... இமேஜ்... லிங்க்... இமேஜ்."

அவ்வளவுதான். வேறு ஒரு சொல் இல்லை.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பது இந்தப் பத்திரிகைப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும். நானே பலமுறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். முக்கியமாக அந்த மரண அறிவித்தல் பக்கம். மேகப் பின்னணி, ஓரமெல்லாம் பூ, நடுவில் இறந்தவரின் படம், மேலே அசைந்து எரியும் மெழுகுவர்த்தி... என் கைவண்ணத்தைச் செத்தவீட்டிலேயே பாராட்டியிருக்கிறார்கள். வேறென்ன வேண்டும்?

அன்று என்னைக் கூப்பிட்டவர் சிவராசா அண்ணை. டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் கிச்சனில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். சர்க்கரை வியாதியில் பார்வை போய்ச் சில வருடங்கள். திரையில் இருப்பதைப் போன் வாசித்துச் சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டே செய்தி, வட்ஸ்அப் எல்லாம் தானே பார்த்துக்கொள்வார்.

"தம்பி, உம்மட வெப்சைட்டை ஒருக்காக் கேளும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தக் கிச்சனில் இருபது வருடம் அவருக்குப் பக்கத்தில் நின்று தட்டு அடுக்கியவர் அந்தோனிப்பிள்ளை. மட்டக்களப்புக்காரர். மூன்று வாரங்களுக்கு முன் மாரடைப்பில் திடீரெனக் காலமானார். அறிவித்தலைச் செய்தது நான். பெயர், நேரம், இடம், தேவாலயம் எல்லாம் வடிவான ஒரே படத்துக்குள். அதே படம் வட்ஸ்அப்பிலும் பறந்தது. மூன்று பேர் சிவராசா அண்ணைக்கும் அனுப்பியிருந்தார்கள். அவருடைய மனைவி ரொறொன்ரோவில், மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார்.

போன் சொன்னது: இமேஜ்.

"நான் விடிய வாற குட்மோர்னிங் படமெண்டு நினைச்சன் தம்பி. ரோசாப்பூவும் தேத்தண்ணிக் கோப்பையும்."

"ஒருத்தரும் போன் எடுக்கேல்லையோ அண்ணை?"

"படம் அனுப்பியாச்சுத்தானே. எனக்குத் தெரியுமெண்டு நினைச்சிருப்பாங்கள்."

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், மனைவி வீடு திரும்பி அந்தப் போனைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"பெட்டியில கையை வைச்சு, போயிட்டு வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருப்பன். வேற ஒண்டுமில்லை" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது.

நாம் ஏன் எல்லாவற்றையும் படமாகப் போடுகிறோம்? காரணம் இருந்தது. ஒரு காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழை அடித்து அனுப்பினால் மற்றவருக்குக் கட்டம் கட்டமாகத்தான் போய்ச் சேரும். எழுத்துச் சிதறாமல் இருக்கப் படமாக்கினோம். அந்தத் தொல்லை எப்போதோ தீர்ந்துவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி, பிறந்தநாள், மரணம் — எங்களுக்கு எல்லாமே ஒரு படம்தான்.

கடை வாசலில் படி இருக்கிறது, சக்கர நாற்காலிக்கு வழியில்லை என்று இதே பக்கத்தில் பொரிந்து தள்ளியவன் நான். என் வீட்டு வாசலை ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே உட்கார்ந்தேன். அந்தோனிப்பிள்ளையின் முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலி அறிவித்தலை எழுத்தாகவே அடித்துப் போட்டேன். பூ இல்லை, மேகம் இல்லை. பார்க்கக் கொஞ்சம் வெறுமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை கர்க்லாண்டிலிருந்து ஒரு மெசேஜ். அந்தோனிப்பிள்ளையின் பேத்தி. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. எழுத்தாக இருந்ததால் அதை அப்படியே எடுத்து, போனிலேயே பிரெஞ்சுக்கு மாற்றி வாசித்திருக்கிறாள். முதல் அறிவித்தலை அவளாலும் வாசிக்க முடியவில்லையாம். கடைசியில் பிரெஞ்சில் ஒரு நன்றி: 'மெர்சி'. சிவராசா அண்ணை ஒருவருக்காகச் செய்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்... வாசலுக்கு வெளியே இன்னும் எத்தனை பேர் நின்றார்களோ?

அந்தோனிப்பிள்ளையின் படத்தை மட்டும் விட மனமில்லை. அதற்குக் கீழே, போன் வாசிப்பதற்கென்று ஒரு வரி எழுதலாம். எழுதினேன்: 'அந்தோனிப்பிள்ளை. நீலச் சேர்ட், மூக்குக் கண்ணாடி. பல் தெரியச் சிரிக்கிறார்.'

செவ்வாய்க்கிழமை சிவராசா அண்ணை அழைத்தார்.

"தம்பி, திருப்பலிக்கு நானும் மனிசியும் வாறம். நேரமெல்லாம் வடிவாச் சொல்லுது." பிறகு கேட்டார்: "அவன் சிரிக்கிறானெண்டு எழுதியிருக்கிறீர். உண்மையோ?"

"ஓம் அண்ணை. நல்லாச் சிரிக்கிறார்."

"முன்பல்லு உடைஞ்சது. அந்த வெக்கத்தில கமராவைக் கண்டா வாயைத் திறக்கமாட்டான். இருபது வருசமா நான் பகிடி பண்ணினது."

"இதில அந்தப் பல்லும் தெரியுது அண்ணை."



"அப்ப அவன்தான்" என்றார்.

அறிவித்தல் பக்கத்தில் அசைந்து எரிந்த மெழுகுவர்த்தியை அன்றே எடுத்துவிட்டேன். இதுவரை ஒருவரும் அதைத் தேடவில்லை.